விரலுக்கேற்ற வீக்கம்



சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் தாயார் ஒருவர் மகளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் புதிய மடிக்கணினி. மகள் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவள்; இப்போது இரண்டாம் படிவம்.

"சார், சீட்டுப் பணத்தில் வாங்கினேன். அடுப்பில் உலை கொதித்துவிடுகிறது, இது எழுந்திருக்க மாட்டேன் என்கிறது" என்றார். தான் கேட்டதால்தானே இந்தச் செலவு என்று மகள் தலைகுனிந்து நின்றாள்.

பார்த்தேன். குற்றம் பிள்ளையிடம் இல்லை. கணினிக்கு மூளை போன்ற ஒரு சில்லு உண்டு. அதைச் செயலி என்பார்கள். கடையில் புரோசெசர் என்பார்கள். இதில் இருந்தது இன்டெல் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட செலரான் என்4020. அதற்கு இரண்டே கோர்கள். அதாவது, வேலை செய்ய இரண்டே கைகள். நினைவகம் 4 ஜிபி. அதுவும் பலகையோடு பற்றவைத்தது; கூட்ட இயலாது. சேமிப்பிடம் 64 ஜிபி. விண்டோஸ் 11 கேட்கும் மிகக் குறைந்த அளவே இவ்வளவுதான். பிறகு பிள்ளையின் பாடத்துக்கு இடம் ஏது?

"அப்படியானால் மலிவுக் கணினியே ஆகாதா?" என்று கேட்பீர்கள். அப்படியல்ல. அதே நிறுவனம் 2023-இல் என்100 என்ற செயலியை வெளியிட்டது. அதற்கு நான்கு கோர்கள். இரண்டுமே 6 வாட் வகைதான். சூடும் குறைவு, மின்சாரமும் குறைவு. ஆனால் புதியது செய்யும் வேலை அதிகம். கட்டுரை எழுதவும் இணைய வகுப்புப் பார்க்கவும் அது போதும். பெரிய விளையாட்டுகளுக்கு ஆகாது. அதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதே செயலியோடு உள்ளங்கை அகலத்தில் சிறு கணினிப் பெட்டிகளும் வருகின்றன. வீட்டுத் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் அதையே திரையாக்கலாம். விசைப்பலகையும் சுட்டியும் தனியே வாங்கவேண்டும். இதற்கு பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் அணைந்துவிடும்.

கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: செயலியின் எண் என்ன? 'இன்டெல்' என்ற ஒட்டுத்தாள் மட்டும் போதாது. 2023 முதல் வந்த மலிவு மடிக்கணினிச் செயலிகளுக்கு செலரான், பென்டியம் என்ற பெயர்களை அந்நிறுவனம் விட்டுவிட்டது. ஆகவே எண்தான் அடையாளம்.

இரண்டு: நினைவகம் 8 ஜிபி உண்டா?

மூன்று: சேமிப்பிடம் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. தானா?

பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

அந்தத் தாயாரின் கணினியில் தேவையற்றவற்றை நீக்கிக் கொடுத்தேன். "ஒரு நேரத்தில் ஒரே வேலை" என்று மகளுக்குச் சொல்லி அனுப்பினேன். இப்போது மெதுவாகவேனும் கட்டுரை எழுதுகிறாள். ஆனால், இந்தக் கேள்விகளை வாங்குமுன் சொல்லித்தர நான் இல்லாமல் போனேனே என்ற வருத்தம் எனக்குண்டு.

விடியுமுன் எழுந்து உழைத்துச் சேர்த்த காசு அது. அதைக் கொடுக்குமுன் நான்கு கேள்வி கேட்பதில் வெட்கம் வேண்டாம்.