கம்ப்யூட்டரிடம் தோற்றால் என்ன?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் முதல் வாரத்திலேயே ஒரு செஸ் புரோகிராமைப் போட்டு ஆடிப் பார்ப்பார்கள். அடுத்த வாரமே அதை நீக்கியும் விடுவார்கள். இருபது ஆட்டம் ஆடினால் இருபதிலும் தோல்வி. "இது நமக்குச் சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் என்றால் செஸ் ஆடுவதையே விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கம்ப்யூட்டரிடம் தோற்பதில் வருத்தப்பட ஒன்றுமே இல்லை. அதனிடம் எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்பதைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் எதிராளியின் பலத்தைப் பார்ப்போம். 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ, அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை 3.5-2.5 என்ற கணக்கில் வென்றது. அது நொடிக்கு சுமார் 20 கோடி நிலைகளை அலசும் ராட்சத இயந்திரம். இன்று இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற புரோகிராம் உங்கள் வீட்டு லேப்டாப்பில் ஓடினாலே அதைவிடப் பலமாக ஆடும்.

செஸ் ஆட்டக்காரர்களின் பலத்தை ஈலோ புள்ளிகளால் அளக்கிறார்கள். இந்தக் கணக்குப்படி இருவருக்கும் 400 புள்ளி வித்தியாசம் இருந்தால், பலம் குறைந்தவர் 11 ஆட்டங்களில் ஒரு புள்ளி எடுத்தாலே பெரிது. கார்ல்சன் 2014-ல் தொட்ட உச்சம் 2882. புரோகிராம்களுக்கான தனிப் பட்டியல்களில் ஸ்டாக்ஃபிஷ் 3500-ஐத் தாண்டி நிற்கிறது. 1200 புள்ளி அளவில் ஆடும் நாம் தோற்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2006-ல் ஜெர்மனியின் பான் நகரில் உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் புரோகிராமுடன் ஆடியபோது, ஒரே மூவில் வரவிருந்த செக்மேட்டைக் கவனிக்காமல் தோற்றார். அவருக்கே அந்த நிலை.

"சரி, லெவலைக் குறைத்துக்கொண்டு ஆடலாமே" என்பீர்கள். ஆடலாம். ஆனால் அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நான் கடலூரில் பள்ளியில் படித்தபோது விண்டோஸ் 7-உடன் வந்த செஸ் டைட்டன்ஸில் 10 லெவல்கள் இருந்தன. யார் எத்தனையாவது லெவலைத் தாண்டினார்கள் என்பதுதான் எங்களுக்குள் போட்டி. பிறகு இன்ஜினீயரிங் படிக்கச் சிதம்பரம் போனேன். ஹாஸ்டலில் பல லெவல்களைத் தாண்டி வந்த நண்பர் ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டரையே தொடாத ஒரு சீனியரிடம் அவர் மரப்பலகையில் தொடர்ந்து தோற்றார்.

காரணம் இதுதான். பல புரோகிராம்களில் லெவலைக் குறைத்தால், நல்ல மூவ்களுக்கு நடுவே வேண்டுமென்றே மோசமான மூவ் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி எழுதியிருப்பார்கள். பத்து மூவ் மாஸ்டர் போல ஆடிவிட்டு, பதினோராவது மூவில் யானையைச் சும்மா கொடுத்துவிடும். நண்பர் அந்த யானைக்காகக் காத்திருந்து பழகிவிட்டார். சீனியரோ யானையைத் தரவே இல்லை!

அப்படியானால் கம்ப்யூட்டரே வேண்டாமா? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியனான சென்னை குகேஷை எடுத்துக்கொள்வோம். 2019 ஜனவரியில் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை, பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரைச் செஸ் இன்ஜின்களின் துணை இல்லாமலே பழக்கினார். சொந்தமாகக் கணக்குப் போடும் பழக்கம் முதலில் வரவேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படி ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் கிடைப்பாரா? திருப்பாதிரிப்புலியூரிலோ அண்ணாமலை நகரிலோ இருக்கும் ஒரு மாணவனுக்கு, இரவு ஒன்பது மணிக்குச் சந்தேகம் வந்தால் பதில் சொல்ல வீட்டில் இருப்பது கம்ப்யூட்டர்தான். ஆகவே அதை ஒதுக்க வேண்டாம். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்வோம். முதலில் நம் மூளை, பிறகு கம்ப்யூட்டர்.

கேட்கும் முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2005-ல் இணையத்தில் நடந்த ஃப்ரீஸ்டைல் போட்டி நல்ல உதாரணம். அதில் கம்ப்யூட்டர் உதவியுடன் ஆடலாம். கிராண்ட்மாஸ்டர்களும் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் வென்றவர்கள், ஸ்டீவன் கிராம்டன், ஜாக்கரி ஸ்டீபன் என்ற இரண்டு அமெரிக்க அமெச்சூர்கள்! எந்த இடத்தில் எந்த புரோகிராமிடம் என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள். ஸ்டாக்ஃபிஷ் புரோகிராமை மட்டும் டவுன்லோட் செய்து கிளிக் செய்தால் கறுப்பு விண்டோதான் திறக்கும், பலகை வராது. பயந்துவிட வேண்டாம். லைசெஸ் என்ற இலவச இணையதளத்தில் பலகையும் ஸ்டாக்ஃபிஷ்ஷும் சேர்ந்தே கிடைக்கும்.

முடிந்தவரை மனிதர்களுடன் ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும் இன்ஜினைப் போடாமல், தவறு எங்கே நடந்தது என்று நீங்கள் நினைக்கும் மூன்று இடங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். அதன் பிறகு இன்ஜினை ஆன் செய்யுங்கள். அது காட்டும் எண்ணில் +1 என்றால் வெள்ளைக்கு ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு சாதகம். மைனஸ் என்றால் கறுப்புக்குச் சாதகம். எண் சட்டென்று மாறும் இடங்களை மட்டும் உங்கள் நோட்டுடன் ஒப்பிடுங்கள். அது சொல்லும் மூவ் புரியவில்லையா? நீங்கள் ஆட நினைத்த மூவை ஆடிக் காட்டுங்கள். உங்கள் யோசனையில் எங்கே ஓட்டை என்று அதன் பதில் மூவே காட்டிவிடும்.

கம்ப்யூட்டர் அலுத்துக்கொள்ளாது, தோற்றவரைக் கேலி செய்யாது. ஆனால் ஏன் அந்த மூவ் என்று வாய் திறந்து விளக்காது. அதை யோசித்துக் கண்டுபிடிப்பது நம் வேலை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால், "எத்தனையாவது லெவலில் ஜெயித்தாய்?" என்று கேட்காதீர்கள். "தோற்ற ஆட்டத்தில் என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள்.