வாய் திறந்து கேட்க முடியாததை போனில் கேட்கலாமே!

"இதென்ன, குடும்பப் பெண்கள் படிக்கிற பக்கத்தில் எய்ட்ஸ் பேச்சு?" என்று முகம் சுளிக்காதீர்கள் சகோதரிகளே. குடும்பப் பெண்களுக்காகவே இதை எழுத வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில்தான். கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும். பிற்பாடு 'புள்ளிராஜா' விளம்பரத்தைச் சுவரெல்லாம் பார்த்துச் சிரித்தோம். புள்ளிராஜாவுக்கு ஒரு மனைவி இருந்தால் அவள் கதி என்ன என்று யாராவது கேட்டோமா?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி, துறைமுகம், விசைப்படகு என்று நாள்கணக்கில் வெளியே தங்கிப் பிழைக்கிற ஆண்கள் நிறைய. எல்லாரையும் சந்தேகப்படுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால், கழுத்தில் இருக்கிற தாலி கிருமியைத் தடுக்காது. தன் புருஷனைத் தவிர வேறொருவரை அறியாத எத்தனையோ பெண்களுக்கு இந்த நோய் வந்திருக்கிறது.

வெள்ளைப்படுதல், அந்தரங்கத்தில் புண், அடிவயிற்று வலி... இதையெல்லாம் யாரிடம் கேட்பது? மாமியாரிடம் கேட்க முடியுமா? தெருமுனை கிளினிக்கில் மருந்து கொடுக்கிறவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து விடுகிறோம்.

இன்று கையில் போன் இருக்கிறது. மத்திய அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் உதவி எண் 1097. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். நம் முகம் அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் முகம் நமக்குத் தெரியாது. இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் சில விஷயங்களில் உஷார்! வீட்டில் எல்லாரும் எடுக்கிற போன் என்றால், பேசி முடித்ததும் அந்த எண்ணை அழித்து விடுங்கள். கூகுளில் தேடியதையும் அழியுங்கள். முன்பின் தெரியாத ஆப்பில் பெயர், ஆதார் எண் எதையும் கொடுக்காதீர்கள். "எய்ட்ஸை அடியோடு குணமாக்குகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிற லேகியத்துக்குப் பணம் அனுப்பி ஏமாறாதீர்கள். "போன்ல என்னடி பாக்குற?" என்று அடி, உதை வரை போனால், 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

போன் வழிதான் காட்டும், ரத்தம் சோதிக்காது. அதற்கு ஸ்டான்லி போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017-ல் சட்டமே வந்து, 2018 முதல் அமலில் இருக்கிறது. புதிதாகத் தொற்றிய கிருமி உடனே சோதனையில் தெரியாமல் போகலாம். மறுபடி எப்போது வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

நோய் இருந்தாலும் வாழ்க்கை முடிந்து விடாது. 2004-லிருந்து அரசு கூட்டு மருந்தை இலவசமாகவே தருகிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டு, கிருமி அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், தாம்பத்தியத்தால் துணைக்குப் பரவாது. மருந்தே எடுக்காத தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை தொற்றலாம். முறையாக மருந்து எடுத்தால் அது 5-க்கும் கீழே வந்துவிடும். கர்ப்பமான உடனே சோதித்துக்கொள்வது வயிற்றுப் பிள்ளைக்குச் செய்கிற நல்ல காரியம் இல்லையா?

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் கடன், வட்டி கணக்குப் பார்த்து முடித்ததும் பத்து நிமிஷம் ஒதுக்கி, 1097-ஐ எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு டயல் செய்யவும், அழிக்கவும் பழக்கி விடுங்கள். அரசுக்கும் ஒன்று: போனில் அனுப்புகிற தகவலை டாக்டர் பாஷையில் எழுதாமல், நாங்கள் பேசுகிற தமிழில், காதால் கேட்கிற மாதிரி அனுப்பக் கூடாதா?

என்ன சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் நீங்கள் ஆரம்பித்து வைக்கிறீர்களா?

— ஒரு வாசகி, திருவொற்றியூர்