கலை மாணவர்க்கு நிலநூல் வேண்டுமோ?

இலக்கியம், சரித்திரம், பொருள்நூல், தத்துவம் முதலியவற்றைப் பயின்று பட்டம் பெற விழையும் மாணவன் ஒருவனை நோக்கி, "நீ நிலநூலும் சிறிது கற்பாயாக" என்று கூறின், அவன் நகைத்தலுங் கூடும். "கவிகளின் சொற்சுவை நுகர்வார்க்குக் கல்லின் இயல்பு எற்றுக்கு? சுரங்கந் தோண்டுவாரும் எண்ணெய் தேடுவாரும் கற்கவேண்டிய நூலன்றோ அது?" என வினவுவான். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும், பூகர்ப்ப சாஸ்திரம் எனவும் நிலவியல் எனவும் வழங்கும் இந்நூல் கலைப்பட்டக் கல்வியில் ஒரு சிறு பகுதியாகவேனும் அமைதல் வேண்டுமென்பதே எமது கொள்கை. அதற்குரிய காரணங்களை ஈண்டு முறையே கூறுவாம்.

முதற்கண், அறிவு தேடும் முறையினால் நிலநூல் கலைகளுக்கு நெருங்கிய உறவுடையது. இரசாயன நூலார் தாம் ஆராயும் பொருளைக் குழாயிலிட்டுப் பன்முறை சோதிக்கலாம். நிலநூலாரோ, ஒருமுறை நிகழ்ந்து முடிந்தவற்றை எஞ்சி நிற்குஞ் சான்றுகள் கொண்டு உய்த்துணர வேண்டியவர். சரித்திர ஆசிரியர்க்கும் நீதிபதிக்கும் உரிய முறையும் இதுவேயன்றோ? 1788-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் சிக்கார் முனையில், செங்குத்தாய் நின்ற பழம்பாறை அடுக்குகளின்மேல் வேறு அடுக்குகள் சாய்ந்து படிந்திருத்தலை ஜேம்ஸ் ஹட்டன் கண்டார். கீழடுக்கு கடலடியிற் படிந்து இறுகி, மடிந்து உயர்ந்து, தேய்ந்த பின்னரே மேலடுக்குப் படிந்திருத்தல் வேண்டும். அதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் போதா என்று அவர் தெளிந்தார். இவர் மருத்துவம் பயின்று பயிர்த்தொழில் நடத்தியவர். இவர் கருத்தை 1830 முதல் 1833 வரை வெளிவந்த மூன்று தொகுதிகளால் நிலைபெறச் செய்த சார்லஸ் லயல் சட்டம் பயின்றவர். டார்வினும் கேம்பிரிட்ஜில் சாதாரண பி.ஏ. பட்டமே பெற்றவர், 1831-ல் ஸெட்ஜ்விக் என்னும் ஆசிரியருடன் வேல்ஸ் நாட்டிற் சின்னாள் நடந்து, பாறைகளை நோக்குமுறை கற்றுக்கொண்டே கப்பலேறினார். பல துறை பயின்ற உள்ளங்களே இந்நூலை வளர்த்தன என்பது இவற்றால் விளங்கும்.

இரண்டாவதாக, நம் நாட்டின் பழஞ்சரித்திரத்தைத் திறந்த திறவுகோலும் நிலநூலார் கையிலேயே இருந்தது. 1863-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில், நில ஆய்வுத் துறையினரான ராபர்ட் புரூஸ் பூட் என்பார் சரளைக் குழியொன்றிற் பழங்கற்கால மனிதன் செய்த கருவியொன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே அவர் கண்ட அதிரம்பாக்கத்தில், கற்கருவிகள் ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என 2011-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அப்பல்லாவரத்துக் குன்றுகளின் பாறையோ ஏறக்குறைய 250 கோடி ஆண்டு முதுமையுடையது. கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறைக்கல் அவ்வகைப் பாறையே யாதலின், அதற்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டனர். அரியலூர்ப் பக்கத்து நிலத்தில், சுருண்ட ஓடுடைய பழங்கடலுயிர்களின் வடிவங்கள் இன்றும் கிடைக்கின்றன. கடல் அவ்விடம்வரை பரந்திருந்த காலத்துச் சுண்ணக்கல்லே இந்நாளிற் சிமெண்டாகி நம் வீடுகளைத் தாங்குகின்றது. இவற்றை அறியாது மன்னர் பெயர்களை மட்டும் மனனஞ் செய்வோன், நூலின் கடைசி ஏட்டை மட்டும் படித்தவனாவான்.

மூன்றாவது காரணமே தலையாயது. நாளைக்கு ஆட்சித்துறையிலும், நீதிமன்றத்திலும், பத்திரிகையிலும், பள்ளியிலும் அமரப்போகின்றவருட் பலர் கலை மாணவரே. மலையை வெட்டலாமா, ஆற்றுமணலை எத்துணை அள்ளலாம், சரிவில் வீடு கட்டலாமா என்பனவற்றிற்குக் கையொப்பமிடுவாரும் அவரே. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வன்பாறை நிலம். அப்பாறையின் உள்ளே நீர் ஊறி நிற்பதில்லை. மேலே சிதைந்த படலத்திலும் கீழே உள்ள வெடிப்புகளிலுமே தங்கும். அது வற்றியபின் ஆழ்குழாயை மேலும் மேலும் இறக்குவதனால் நீர் வருமென்பது உறுதியன்று. ஏரியைத் தூர்த்தலோ மழைநீர் உட்செல்லும் வழியையே அடைப்பதாகும். இச்சிறு உண்மையை உணராத அதிகாரியால் ஓர் ஊரே வறளும். 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் வயநாட்டில் மலைச்சரிவு இடிந்து ஊர்களை விழுங்கியதை நாம் மறக்கலாகாது. பெருமழை வானத்தின் செயல். சரிவில் எங்கே குடியிருப்பது என்பதோ மனிதரின் தீர்ப்பு.

"அரைகுறை அறிவு ஆபத்தன்றோ?" என்பார் உளர். தம்மை நிபுணரென எண்ணிக்கொள்வாரிடத்து அஃது உண்மையே. ஆயினும் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், தாய்லாந்துக் கடற்கரையொன்றில், பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, இரண்டு வாரத்திற்குமுன் பள்ளியிற் கற்ற ஆழிப்பேரலைப் பாடத்தை நினைந்து, பெற்றோரை எச்சரித்தாள். அக்கரையிலிருந்தோர் உயிர் தப்பினர். அவள் நிபுணை அல்லள். ஒரு பாடம் அறிந்தவள். கலை மாணவரை நிலநூற் புலவராக்குதல் எம் கருத்தன்று. நிபுணர் கூறுவதை விளங்கிக்கொள்ளவும், அவரிடம் தக்க வினாவை எழுப்பவும் வல்லவராக்குதலே போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கனிப்பொருள்களின் பெயரை வரிசையாக உருப்போடுவித்துப் பரீட்சையில் எழுதுவிப்பதாயின், இப்பாடம் இல்லாதிருத்தலே நன்று. ஓராண்டில் ஒரு பாடமும், ஆசிரியருடன் குன்றுக்கும் ஆற்றங்கரைக்கும் கிணற்றங்கரைக்குஞ் செல்லுஞ் சில நாள்களுமே வேண்டுவன. பெருஞ்செலவும் இதற்கில்லை, சோதனைச்சாலை ஊர்ப்புறத்திலேயே விரிந்து கிடக்கின்றது.

இஃது அயலார் கல்வி என்று தமிழ் மாணவர் ஒதுங்கவும் வேண்டா. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வகுத்தது தொல்காப்பியம்; மக்களின் ஒழுக்கத்தை ஆராயப் புகுமுன் அவர்கள் நிற்கும் நிலத்தை ஆராய்ந்தனர் நம் முன்னோர். நிலநூலின் பொருளும் நிலமும் காலமுமே. ஆதலின், பாடத்திட்டம் வகுக்கும் பெரியோர் இதற்குச் சிறிது இடந்தருவாராக. மாணவரும் தாம் நாடோறும் மிதித்துச் செல்லும் மண்ணைச் சிறிது குனிந்து நோக்குவாராக.