காற்றா, தண்ணீரா? காட்டேரிக்குப்பத்தில் ஒரு சில்லர் கணக்கு

காட்டேரிக்குப்பம் மாதிரி ஊரில் ஒரு கம்பெனியோ ஆஸ்பத்திரியோ பெரிய அளவில் குளிரூட்ட வேண்டுமென்றால் வரும் கேள்வி: ஏர் கூல்டு சில்லரா, வாட்டர் கூல்டு சில்லரா? கரண்ட் பில்லை மட்டும் பார்த்து முடிவு செய்தால் அது பாதிக் கணக்குதான்.

சில்லர் என்பது வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பெரியண்ணன். உள்ளே ஓடும் கேஸ், குழாயில் வரும் தண்ணீரின் சூட்டை உறிஞ்சி அதை 7 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கிறது. பிறகு கம்ப்ரசர் அந்த கேஸை அழுத்தி கண்டன்சருக்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டை எங்கே கொட்டுவது? ஏர் கூல்டு வகையில் ஃபேன் காற்றை இழுத்து வெளியே கொட்டிவிடும். மற்றதற்கு கூலிங் டவர் வேண்டும். அதில் தண்ணீர் ஆவியாகித்தான் சூடு போகிறது.

எவ்வளவு தண்ணீர்? ஒரு டன்னுக்கு மணிக்கு 6 லிட்டருக்குக் குறையாது. (இந்த டன் எடை இல்லை, சுமார் 3.5 கிலோவாட் குளிர்ச்சி. ஐஸ் கட்டி காலத்துப் பெயர்!) 100 டன் மெஷின் 10 மணி நேரம் முழு லோடில் ஓடினால் 6,000 லிட்டர் காற்றோடு போச்சு. உப்பு சேராமல் இருக்க அவ்வப்போது திறந்துவிடும் தண்ணீர் தனி.

ஏர் கூல்டு கரண்டை அதிகம் தின்னும் என்பது உண்மை. ஒன்றரை மடங்கு, மே மாத வெயிலில் அதற்கு மேலும் போகலாம். காயிலில் தூசி அடைத்தால் இன்னும் மோசம், கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல்லும் கரும்பும் குடிப்பதே போர்வெல் தண்ணீரைத்தான். நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2002-லேயே புதுச்சேரியில் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. சில்லருக்கான கரண்ட், கம்பெனியின் செலவுக் கணக்கில் ஏறும். உறிஞ்சிய தண்ணீரால் பக்கத்து வயல்காரர் போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கினால், அந்தச் செலவு எந்த லெட்ஜரில் வரும்?

சுத்திகரித்த கழிவுநீர் கிடைக்கும் பெரிய இடங்களில் கூலிங் டவர் வைக்கட்டும், தப்பில்லை. போர்வெல்லை நம்பி வேண்டாம். கறந்த பாலை 4 டிகிரிக்குக் கொண்டுவரும் கிராமத்துப் பால் கூலர்கள் பெரும்பாலும் ஃபேன் காற்றில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு யாரும் கூலிங் டவர் கட்டுவதில்லை.