"ஏன் செத்தது?" என்று கேட்கும் படிப்பு



எமது பிள்ளைகள் படிக்கக்கூடிய துறைகளை இந்தப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம். இம்மாதம் கால்நடை மருத்துவத்தையும், அதன் ஒரு பிரிவான நோயியலையும் பற்றிப் பேசுவோம். ஒரு விலங்குக்கு என்ன நோய் வந்தது, அது உடலுக்குள் என்ன செய்தது, விலங்கு எதனால் இறந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதே நோயியல்.

"மாட்டு டொக்டர்தானே" என்று சிலர் இதை இலேசாகச் சொல்வதுண்டு. ஒரு மாட்டுப் பாலில் அடுப்பெரியும் வீட்டில் இருப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு வாழ்வாதார உதவியாக ஐந்து ஆடுகள் கிடைக்கின்றன. மாரி மழை பெய்து புல் தளைத்த பிறகு ஓர் ஆடு மெலிகிறது. தாடையின் கீழ் நீர் கோத்து வீங்குகிறது. ஒரு நாள் காலையில் அது செத்துக் கிடக்கிறது. அடுத்த கிழமை இன்னொன்றும் சாகிறது. அயலவர்கள் கண்ணூறு என்பார்கள், செய்வினை என்பார்கள். "அவளுக்கு எதுவும் ராசியில்லை" என்று சொல்பவர்களும் இருப்பார்கள். அவளோ, தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று தன்னையே நொந்துகொள்வாள். காரணம் தெரியாத இழப்பு எவ்வளவு கனமானது என்பது எங்களில் பலருக்குத் தெரியும்.

அந்த ஆட்டை நோயியல் படித்த ஒருவர் திறந்து பார்த்தால் என்ன காண்பார்? ஆட்டுக்கு இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. நான்காவது அறையில் நூல் போன்ற புழுக்கள் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். இவை இரத்தத்தை உறிஞ்சும் புழுக்கள். உடலில் இரத்தம் குறைந்து, அதிலுள்ள புரதமும் குறைந்தபடியால்தான் தாடையின் கீழ் நீர் கோத்தது. ஈரமான புல்லில் புழுவின் குஞ்சுகள் ஏறி நிற்கும். அதனால்தான் மழைக்குப் பிறகு நோய் வந்தது. கண்ணூறும் இல்லை, ராசியும் இல்லை. மீதி மூன்று ஆடுகளின் கீழ்க் கண்ணிமையை இழுத்து உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறி இருந்தால் உடனே புழு மருந்து தேவை.

இறந்த ஆடு மீதி ஆடுகளைக் காப்பாற்றிவிட்டது. அந்தப் பெண்ணின் மனதிலிருந்த பழியையும் இறக்கி வைத்துவிட்டது. இந்தப் படிப்பின் பயன் இதுதான்.

எமது நாட்டில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ஐந்து வருடப் படிப்பு. முதலில் உடலின் அமைப்பையும் அது நலமாக இயங்கும் விதத்தையும் கற்பார்கள். நலமான ஈரல் எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்கு நோயுற்ற ஈரலைத் தெரியாதல்லவா? பிறகு பக்டீரியா, வைரசு, ஒட்டுண்ணிகள் பற்றிய பாடங்களும் நோயியலும் வரும். அதன் பின்னர் நோயுற்ற விலங்குகளைப் பார்த்துச் சிகிச்சை செய்யப் பழகுவார்கள்.

நோயியலில் பாதிப் படிப்பு கண்ணாலும் கையாலும் நடக்கும். இறந்த விலங்கை ஒழுங்குமுறைப்படி திறந்து, சுவாசப்பை, இதயம், ஈரல், மண்ணீரல், சிறுநீரகம், குடல் என்று ஒவ்வொன்றின் நிறம், அளவு, நிறை, கெட்டித்தன்மை எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும். பின்னர் சிறு துண்டுகளை வெட்டிப் போமலின் கரைசலில் இட்டு, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரின் 200இல் ஒரு பங்கு அளவு மெல்லியதாகச் சீவுவார்கள். சாயம் ஊட்டி நுணுக்குக்காட்டியில் வைத்தால் கலங்களின் கருக்கள் நீலமாகவும் மற்றப் பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். விசர் பிடித்து இறந்த நாயின் மூளைக் கலங்களுக்குள் சிறிய சிவந்த புள்ளிகள் தெரிவதுண்டு. 1903இல் இத்தாலியைச் சேர்ந்த நெக்ரி என்பவர் கண்டு சொன்ன அடையாளம் அது. இன்று அதைவிட நம்பகமான பரிசோதனைகள் வந்துவிட்டன. ஆனால் விலங்கின் நோயை அறிவது மனிதரின் உயிரையும் காக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இந்த அறிவு எமது மண்ணுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பல பத்தாண்டுகளாக இலங்கையில் இல்லாதிருந்த மாட்டுக் கொள்ளை நோய் 1987இல் மீண்டும் வந்தது. இந்தியப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அந்த வைரசு வந்ததென்று ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள். வாயில் புண், கடும் கழிச்சல், சில நாட்களில் சாவு என்று வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் எருமைகளும் அழிந்தன. யுத்தத்தின் நடுவே தடுப்பூசி எல்லா இடங்களுக்கும் போய்ச் சேரவில்லை. 1990களின் நடுப்பகுதியிலேயே அந்நோய் எமது நாட்டைவிட்டு நீங்கியது. 2011இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் பூமியிலிருந்து முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. அதற்கு உதவிய தடுப்பூசியை ஆபிரிக்காவில் உருவாக்கிய வோல்டர் பிளௌரைட் என்பவரும் ஒரு கால்நடை நோயியலாளரே. 2020இல் மாடுகளின் உடலெங்கும் கட்டிகளோடு தோல் கழலை நோய் வடக்கில் தோன்றியபோதும், அது என்னவென்று உறுதிப்படுத்தியவை ஆய்வுகூடங்கள்தான்.

"பெண் பிள்ளைக்கு இது சரிவருமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அயர்லாந்தில் பிறந்த அலீன் கஸ்ட், பெண்களை மிருக வைத்தியராக ஏற்காத காலத்தில் எடின்பரோவில் படித்தார். பெண் என்பதால் 1897இல் அவரைத் தொழில்சார் பரீட்சை எழுத விடவில்லை. பட்டம் இல்லாமலே பல ஆண்டுகள் கிராமங்களில் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் வைத்தியம் செய்தார். 1922இல்தான் அவருக்கு அங்கீகாரம் கிடைத்தது. இன்று எமது நாட்டில் அந்தத் தடை இல்லை. பேராதனையில் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள்.

கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. படிப்பு ஆங்கில மொழியில் நடக்கும். முதல் வருடத்தில் தமிழில் படித்து வந்த பிள்ளைகள் திணறுவார்கள். மணமும் இரத்தமும் பழக நாளாகும். யுத்தத்தில் பார்க்கக் கூடாதவற்றைப் பார்த்த பிள்ளைக்குப் பிரேத பரிசோதனை அறை சுமையாகவும் இருக்கலாம். பிள்ளையின் மனதைக் கேட்டு முடிவெடுங்கள், வற்புறுத்த வேண்டாம். சில பிள்ளைகளுக்கோ காரணம் தேடும் அந்த வேலையே ஆறுதல் தருவதும் உண்டு.

இதற்குக் க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் படிக்க வேண்டும். அனுமதி இசட் புள்ளிப்படி கிடைக்கும். நாடளாவிய திறமையோடு மாவட்ட ஒதுக்கீடும் உள்ளதால், வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைந்நூலை அந்தந்த வருடம் கவனமாக வாசிக்க வேண்டும். கல்விக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த பிள்ளைகள் மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம்.

புள்ளி சற்றுக் குறைந்தால் கதவு மூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலும், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் விலங்கு விஞ்ஞானம் கற்கலாம். குண்டசாலையில் கால்நடை வளர்ப்பு டிப்ளோமா உள்ளது. அதைப் படித்தவர்கள் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்களாகப் பணியாற்றுகிறார்கள்.

பிள்ளை படித்து வரும்வரை நாம் செய்யக்கூடியவையும் உண்டு.

ஆடோ மாடோ கோழியோ இறந்தால், புதைப்பதற்கு முன் உங்கள் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். எமது வெயிலில் உடல் சில மணி நேரத்திலேயே பழுதாகத் தொடங்கும். இறந்த கோழியை இரட்டைப் பையில் கட்டி ஐஸோடு கொண்டு போங்கள். உறைய வைக்க வேண்டாம், உறைந்தால் கலங்கள் சிதைந்துவிடும்.

எத்தனை நாள் நோயாக இருந்தது, என்ன தின்றது, கடைசியாக எப்போது மருந்து கொடுத்தீர்கள் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வைத்தியருக்கு அந்தக் கொப்பி பெரிய உதவி.

திடீரென இறந்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த இரத்தம் வடிந்தால் அதை வெட்டவோ தோலுரிக்கவோ கூடாது. அது அந்திராக்ஸ் என்னும் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். நோயில் செத்த எந்த விலங்கின் இறைச்சியையும் உண்ணவோ விற்கவோ வேண்டாம்.

வீட்டில் ஒரு கன்று செத்தால் பிள்ளைகள் "ஏன் அம்மா?" என்று கேட்பார்கள். "விதி" என்று சொல்லி அந்தக் கேள்வியை மூடிவிடாதீர்கள். "தெரியவில்லை, வா, வைத்தியரிடம் கேட்போம்" என்று கூட்டிக்கொண்டு போங்கள். பேராதனைக்குப் போகும் பாதை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

அடுத்த மாதம் இன்னொரு துறையோடு சந்திப்போம்.