தெளிப்பானை எடுக்கும் முன் பொறிவண்டைப் பாருங்கள்

தட்டைப்பயறிலோ நிலக்கடலையிலோ கொழுந்து சுருண்டு, அசுவினி மொய்த்திருப்பதைக் கண்டதும் கைத்தெளிப்பானைத் தேடுவது விவசாயிகளிடையே வழக்கமாகிவிட்டது. என்ன மருந்து, எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வதோடு யோசனை முடிந்துவிடுகிறது. அந்தக் கொழுந்தில் அசுவினியைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. உற்றுப் பார்த்தால், பல வயல்களில் பொறிவண்டு ஏற்கெனவே வந்து வேலையைத் தொடங்கியிருப்பது தெரியும்.

துவரம் பருப்பைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற முதுகு. சிவப்பு, ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறம். அதன்மேல் கரும்புள்ளிகள் அல்லது நெளிகோடுகள். இந்த வண்டை அறியாத விவசாயி இல்லை. ஆனால் இதன் புழுவைப் பலர் அறிவதில்லை. கருஞ்சாம்பல் நிறத்தில், இடையிடையே மஞ்சள் திட்டுகளுடன், ஆறு கால்கள் கொண்டு, குட்டி முதலை போல் ஊர்ந்து திரியும். முட்டைகள் மஞ்சள் நிறத்தில் கூட்டமாக இலையில் நிமிர்ந்து நிற்கும். புழுவைக் கண்டவர்கள் இதுதான் பயிரைத் தின்கிறது என்று எண்ணி மருந்தடித்துவிடுகிறார்கள். திருடனை விட்டுக் காவல்காரனை அடித்த கதைதான் இது.

வண்டு, புழு இரண்டுமே அசுவினியைத் தின்பவை. நன்கு வளர்ந்த வண்டு நாளொன்றுக்குச் சுமார் 50 அசுவினிகளைத் தின்றுவிடும். புழுவுக்கு இறக்கை இல்லாததால் அது வேறு வயலுக்குப் பறந்து போவதும் இல்லை. தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவற்றைத் தின்னும் பொறிவண்டு இனங்களும் உண்டு.

கண்டபடி மருந்தடிப்பதால் நேரும் நட்டத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அசுவினி ஆணின் துணையின்றியே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக வளர இரண்டு, மூன்று வாரம் ஆகும். மருந்து இரண்டையும் கொல்கிறது. சுருண்ட இலைக்குள் தப்பிய அசுவினி எதிரியின்றிப் பெருகுகிறது; மீண்டும் மருந்து தேவைப்படுகிறது. முதல் மருந்துக்குப் பணம் கொடுத்த விவசாயி, இரண்டாவது மருந்தின் செலவையும் தானே வரவழைத்துக்கொள்கிறார்.

பொறிவண்டின் பயனுக்கு நீலகிரியே சாட்சி. ஆஸ்திரேலியாவிலிருந்து பரவிய, பஞ்சு போன்ற முட்டைப் பையுடைய ஒரு செதில் பூச்சி கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்து வந்தது. 1888-89ல் அதன் தாயகத்திலிருந்து ரொடோலியா என்னும் பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், தோட்டங்கள் பிழைத்தன. அதே செதில் பூச்சி 1928ல் நீலகிரியின் சீகை மரங்களில் தலைகாட்டியது. 1929ல் தொடங்கி, கலிபோர்னியாவிலிருந்து அந்த வண்டை வரவழைத்து விட்டதில் இங்கும் பூச்சி அடங்கியது.

இதற்காகப் பொறிவண்டு எல்லாப் பூச்சிக்கும் தீர்வு என்று சொல்லிவிட முடியாது. காய்க்குள்ளும் தண்டுக்குள்ளும் இருக்கும் புழுவை அது எட்டாது. கத்தரியில் வரும் எபிலாக்னா வண்டு இதே குடும்பம்தான். ஆனால் பயிரைத் தின்னும். அதன் முதுகு பளபளப்பின்றி, மெல்லிய ரோமத்துடன், பல புள்ளிகளோடு இருக்கும். புழு மஞ்சளாகவும் முள் நிறைந்தும் காணப்படும். இலை சுரண்டப்பட்டுச் சல்லடையாக இருந்தால் அது எபிலாக்னாவின் வேலை. வண்டையும் புழுவையும் கையால் பொறுக்கி அழித்துவிட வேண்டும்.

ஆகவே மருந்து வாங்கப் போகும் முன், வயலில் கால் மணி நேரம் செலவிடுவது நல்லது. வயலின் பல பக்கங்களிலும் சுமார் 20 செடிகளின் கொழுந்தையும் இலையின் அடிப்பாகத்தையும் பார்க்க வேண்டும். அசுவினி உள்ள செடிகளில் பெரும்பாலானவற்றில் பொறிவண்டோ அதன் புழுவோ இருந்தால் மூன்று, நான்கு நாள் பொறுத்து மீண்டும் பார்க்கலாம். அசுவினி குறைந்திருந்தால் மருந்து வேண்டாம். வண்டே இல்லாமல் அசுவினி பெருகினால், தாக்கிய இடத்தில் மட்டும் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்புத் தூள் என்ற கணக்கில், தூளை இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தால் சாறு தயார்.

பருத்தி, நிலக்கடலை வயல்களின் வரப்பில் தட்டைப்பயறு விதைத்தால் பொறிவண்டு அங்கே பெருகிப் பயிருக்கு வரும்; அந்த வரப்புப் பயிருக்கு மருந்தடிக்கக் கூடாது. யூரியாவை அளவுக்கு மேல் இட்டால் பயிர் கொழுத்து அசுவினி கூடும் என்பதையும் மறக்கலாகாது.

குற்றம் விவசாயியுடையது மட்டுமன்று. மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லுகிறவர்கள், எதைப் பார்த்த பிறகு அடிக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கிராமங்களில் நடக்கும் செயல்விளக்கங்களில் பொறிவண்டின் புழுவை வயலிலேயே பிடித்துக் காட்ட வேண்டும். ஒரு முறை அதை நேரில் பார்த்த விவசாயி மறுமுறை அதன்மேல் மருந்தடிக்க மாட்டார். சிறு விவசாயிக்கு ஒரு மருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சமாவது சிறிய காரியமல்ல.