நோய்ப்பட்ட கோழிக்கு விலை சொல்வது யார்?

பறவைக் காய்ச்சல் என்ற பேச்சு அடிபடும் ஒவ்வொரு முறையும் எமது மக்கள் கேட்பது ஒரே கேள்விதான். கோழி சாப்பிடலாமா, கூடாதா? அதற்கான பதில் இருபது வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. நன்றாக வெந்த இறைச்சியிலும், மஞ்சள் கரு இறுகும் வரை அவித்த முட்டையிலும் இந்த வைரஸ் உயிரோடு இருப்பதில்லை. 70 பாகை வெப்பத்தில் அது அழிந்துவிடும். எச்5என்1 தொற்றியவர்களில் பெரும்பாலானோர் நோய்ப்பட்ட கோழியைக் கையால் தொட்டவர்கள், அறுத்தவர்கள், இறகு பிடுங்கியவர்கள், அல்லது அவை திரிந்த முற்றத்தில் விளையாடிய பிள்ளைகள். சாப்பாட்டு மேசையைப் பற்றி நாம் அளவுக்கு மிஞ்சிப் பயப்படுகிறோம். பண்ணையையும் அறுக்கும் இடத்தையும் பற்றிப் போதிய அளவு பயப்படுவதில்லை.

வியாபாரப் பக்கத்தில் எழுதும் எனக்கு வேறொரு கேள்வியே முக்கியமாகப் படுகிறது. ஒரு பண்ணையில் காலையில் இருபது கோழிகள் செத்துக் கிடக்கின்றன. அதை முதலில் காண்பவர் மிருக வைத்தியரும் அல்ல, அமைச்சரும் அல்ல, பண்ணைக்காரர்தான். அவர் தொலைபேசியை எடுத்து யாரை அழைப்பார்? மிருக வைத்தியரையா? மிச்சக் கோழிகளை அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போகும் வியாபாரியையா? ஒரு நாட்டில் நோய் அடங்குவதும் பரவுவதும் பெரும்பாலும் இந்த ஒரு அழைப்பில்தான் தங்கியிருக்கிறது. அவருடைய நாணயம் மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. அவருடைய கடனும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

மறைத்தால் என்ன நடக்கும் என்பதைத் தாய்லாந்தில் பார்க்கலாம். 2003 இல் அந்நாடு உலகின் முன்னணிக் கோழி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. வருடத்துக்குச் சுமார் 5 இலட்சம் மெற்றிக் தொன் ஏற்றுமதி. ஜப்பானும் ஐரோப்பாவும் பிரதான வாடிக்கையாளர்கள். அந்த வருடக் கடைசியில் பண்ணைகளில் கோழிகள் செத்து விழத் தொடங்கின. அது வெறும் கோழிக் கொலரா என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சிறுவர்களுக்கு நோய் தொற்றியது உறுதியான பின்னரே, 2004 ஜனவரி 23 ஆம் திகதி, அரசாங்கம் உண்மையை ஒத்துக்கொண்டது. வாங்கும் நாடுகள் உடனே தடை போட்டன. 6 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன. 2006 வரை 25 பேருக்கு நோய் கண்டு, 17 பேர் மரணித்தார்கள். தாய்லாந்தின் பச்சைக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய ஒன்றியம் மீண்டும் கதவைத் திறந்தது 2012 இல். நோய் வந்தால் தடை எப்படியும் வரத்தான் செய்யும். ஆனால் மூடி மறைத்த அந்த வாரங்களில் நோய் மாகாணம் மாகாணமாக ஓடியது. காப்பாற்ற நினைத்த சந்தையும் கையில் நிற்கவில்லை.

அதே தாய்லாந்தைப் பாராட்டவும் வேண்டும். 2004 இன் பிற்பகுதியில் கிராமியத் தொண்டர்களை வீடு வீடாக அனுப்பி நோயைத் தேடினார்கள். பெரிய கம்பனிகள் பச்சை இறைச்சியை விட்டுச் சமைத்த இறைச்சிக்கு மாறி, இழந்த சந்தையைச் சில வருடங்களில் மீட்டுக்கொண்டன. வயலுக்கு வயல் வாத்து மேய்த்துப் பிழைத்தவர்களுக்கும் முற்றத்தில் ஐம்பது கோழி வளர்த்தவர்களுக்கும் அப்படி மாற வழியிருக்கவில்லை. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நோய் எல்லோரையும் அடித்தது. எழுந்து நின்றவர்கள் பணம் உள்ளவர்கள்.

நட்டஈடு என்றதும் அது ஏதோ தர்மம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். 2022 முதல் அங்கே 15 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் அழிந்தன. 2025 மார்ச்சில் ஒரு டசின் முட்டை 6 டொலரைத் தாண்டியது. அங்குள்ள விதி இதுதான். அரசாங்கம் அழிக்கும்போது உயிரோடு இருக்கும் கோழிக்கு மட்டுமே பணம். ஏற்கெனவே செத்த கோழிக்கு ஒரு சதமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாள் தாமதமும் பண்ணைக்காரரின் சட்டைப்பையில்தான் கை வைக்கும். மறைப்பதை நட்டமாகவும் சொல்வதை இலாபமாகவும் மாற்றிய விதி இது. 2016 இல் இன்னொரு திருத்தமும் வந்தது. கோழியின் சொந்தக்காரரான கம்பனிக்கும் அதை ஒப்பந்தத்தில் வளர்த்துக் கொடுப்பவருக்கும் நட்டஈட்டைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். 2024 டிசம்பரில் விதி இன்னும் இறுகியது. ஒருமுறை நோய் வந்து நட்டஈடு பெற்ற பண்ணை, நோய்த்தடுப்பு ஒழுங்குகளைச் சோதனையில் காட்டாமல் மறுபடியும் கை நீட்ட முடியாது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 2003 இல் தொடங்கிய அந்த அலை 2006 இல் இந்தியாவையும் பாகிஸ்தானையும், 2007 இல் பங்களாதேஷையும் பிடித்தது. எமது பண்ணைகள் தப்பின. சுற்றியிருக்கும் கடலும் இறக்குமதித் தடைகளும் கைகொடுத்தன. ஆனால் மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்தில் வரும் பறவைகளின் பாதை இலங்கையில்தான் முடிகிறது. மன்னாருக்கும் பூந்தலைக்கும் வரும் பறவைகளிடம் சுங்கத் திணைக்களம் எதையும் கேட்க முடியாது.

குருநாகல், புத்தளம் பக்கம் போனால் எமது சகோதரர்கள் பலர் கம்பனி ஒப்பந்தத்தில் கோழி வளர்ப்பதைக் காணலாம். குஞ்சும் தீனும் மருந்தும் கம்பனியுடையவை. கொட்டிலும் தண்ணீரும் மின்சாரக் கட்டணமும் உழைப்பும் இவர்களுடையவை. அப்படி வளர்க்கும் நண்பர் ஒருவரிடம், "உங்கள் கொட்டிலில் நோய் வந்து எல்லாவற்றையும் அழித்தால் யாருக்கு நட்டம்?" என்று கேட்டேன். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். எடை குறைந்தால் எவ்வளவு வெட்டு, சாவு கூடினால் எவ்வளவு வெட்டு என்றெல்லாம் இருந்தது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. கொட்டில் கட்ட எடுத்த வங்கிக் கடன் இன்னும் நான்கு வருடம் இருக்கிறது என்றார். இந்த மனிதரிடம் போய், சந்தேகம் வந்தால் உடனே அறிவியுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கோழிக்கடை நடத்தும் எம்மவருக்கும் ஒரு வார்த்தை. தானாகச் செத்தது ஹராம் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். அதில் யாரும் ஏமாற்றத் துணியமாட்டார்கள் என்றே நம்புகிறேன். ஆபத்து அதற்கு ஒருபடி முந்தியது. தலை தொங்கி நிற்கும் கோழியைச் சாகுமுன் அறுத்து மலிவாகத் தள்ளிவிடும் பழக்கத்தைச் சொல்கிறேன். அறுப்பு முறையாக இருந்தாலும் வைரஸ் அதனால் சாவதில்லை. முதலில் ஆபத்துக்கு உள்ளாவது கத்தி பிடித்த பையன்தான்.

எனது யோசனை பெரிய விடயம் அல்ல. குஞ்சு பொரிக்கும் நிலையங்கள் விற்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு ரூபாய் எடுத்து, நோய்க்காலத்துக்கென்று தனி நிதியாக வைக்கலாம். பண்ணைகள் பல ஆயிரம். குஞ்சு விற்கும் நிலையங்களோ கைவிட்டு எண்ணக்கூடியவை, வசூலிப்பது கஷ்டமல்ல. உயிருள்ள கோழிக்கே பணம், வளர்ப்பவருக்குத் தனிப் பங்கு என்ற இரண்டு விதிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கன்னொறுவையில் இருக்கும் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு மாதிரி அனுப்பும் செலவும் இந்த நிதியிலிருந்தே போகட்டும். பண்ணைக்காரர் அதற்காகத் தன் கையிலிருந்து செலவழிக்கக் கூடாது.

நோய் வராத பண்ணைக்காரர் ஏன் கட்ட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 2006 பெப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் நோய் கண்டபோது, நோயே எட்டாத நாமக்கல்லில் முட்டை விலை விழுந்தது. பயம் வேலி பார்த்துப் பரவுவதில்லை. கம்பனிகள் இந்த ஒரு ரூபாயையும் எங்கள் தலையில் கட்டிவிடும் என்பது அடுத்த முறைப்பாடு. கட்டட்டும். 2022 இல் தீனும் டொலரும் இல்லாமல் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிய கோழியையும் நாம் வாங்கினோம். 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கும் வந்தோம். அதோடு ஒப்பிட்டால் ஒரு கோழிக்கு ஒரு ரூபாய், உணவகத்தில் கேட்காமலே தரும் சோஸ் பைக்கற்றின் விலைகூட இல்லை.